காறல்மான் சரித்திரமும் நான் எழுதிய தப்பு விமர்சனமும்

புதிதாக வருகிற நாவல்களைப் படித்துவிட்டு நாலு வரி எழுதிப் போடுவது எனக்கு ரொம்ப நாள் வியாதி. காதல் கதை, மர்மக் கதை, சரித்திரக் கதை, மாயாஜாலக் கதை என்று பாகுபாடு எல்லாம் கிடையாது. கையில் கிடைத்தால் படிப்பேன். படித்தால் எழுதாமல் இருக்க மாட்டேன். வீட்டில் இதற்குப் பெயர் 'தீர்ப்பு சொல்றது'. "என்ன, இன்னிக்கு யாருக்குத் தூக்கு?" என்று கேட்டபடி காபியை வைத்துவிட்டுப் போவாள் மனைவி.

இன்றைக்குத் தூக்கு எனக்கேதான்.

விஷயம் இதுதான். என்.எஸ்.மாதவன் மலையாளத்தில் எழுதிய 'லந்தன்பத்தேரியிலெ லுத்தினியகள்' 2003ல் வந்தது. எனக்கு மலையாளம் பேசினால் புரியும், படிப்பதென்றால் ஒண்ணாம் கிளாஸ் மாதிரி எழுத்துக் கூட்ட வேண்டும். அதனால் 2010ல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்த பிறகுதான் படித்தேன். (தமிழில் இரா.முருகன் 'பீரங்கிப் பாடல்கள்' என்று கொண்டு வந்திருக்கிறார். படிக்காதவர்கள் படித்துவிடுங்கள்.) கொச்சிக் காயலில் ஒரு கற்பனைத் தீவு. லந்தன் என்றால் டச்சுக்காரன், பத்தேரி என்றால் பீரங்கி மேடை, லுத்தினியா என்பது சர்ச்சில் சொல்கிற மன்றாட்டு மாலை. 1951ல் பிறந்த ஜெசிக்கா என்கிற பெண் கதையைச் சொல்லிக்கொண்டு போகிறாள். படகு கட்டும் ஆசாரிகள், பிரியாணி, 1957ல் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சி என்று எல்லாம் வரும். நல்ல நாவல். அதில் சந்தேகமே இல்லை.

அதில் ஒரு இடத்தில் தீவுக்காரர்கள் நாடகம் போடுகிறார்கள். என்ன நாடகம்? சார்லமேன் சக்கரவர்த்தி கதை. இதைப் பற்றி நான் எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன், என்னை நானே திட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.

"காயல் தீவில் உளி பிடிக்கிறவர்கள் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி வேஷம் கட்டி விடிய விடிய ஆடுகிறார்களாம். மார்க்வெஸ் படித்த பாதிப்பு அப்பட்டமாகத் தெரிகிறது. அழகான கற்பனைதான், ஆனாலும் கொஞ்சம் ஓவர்."

அந்த 'ஓவர்'க்காக அரை நட்சத்திரம் குறைத்தும் விட்டேன். பெரிய மனசு.

ஒரு வாரம் கழித்து போன். கொச்சியிலிருந்து. என்னோடு ஒரு காலத்தில் வேலை பார்த்த சேட்டன். ஃபோர்ட் கொச்சி லத்தீன் கிறிஸ்தவர், என்னைவிடப் பதினைந்து வயசு மூத்தவர். நான் எழுதியதை யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"எடா, நீ அது கற்பனைன்னு எழுதியோ?"

"ஆமா சேட்டா, என்ன?"

"கற்பனையல்லடா மோனே. என்டெ அப்பாப்பன் ரோல்தான் வேஷம் கெட்டிய ஆளாணு. ஆ பாட்டு ஏது பாஷையாணு, அறியுமோ?"

"தெரியாது."

"தமிழு. நிங்களுடெ தமிழு."

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. ஏனென்றால் 1996லிருந்து இரண்டு வருஷம் நான் மட்டாஞ்சேரியில் வாடகை வீட்டில் இருந்தவன். வில்லிங்டன் தீவில் கப்பல் சரக்குக் கணக்கு எழுதும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கிருந்தோ தடதடவென்று பலகையில் மிதிக்கிற சத்தம், கூடவே செண்டை. வீட்டுக்காரரிடம் கேட்டேன். "பள்ளியில நாடகமாணு" என்றார். (அங்கே பள்ளி என்றால் சர்ச்.) மறுநாள் காலை சீக்கிரம் போகவேண்டும், ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கிவிட்டேன். அப்புறம் பன்னிரண்டு வருஷம் கழித்து, உலகத்தின் இன்னொரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, அதை ஒரு நாவலில் படித்துவிட்டுக் கற்பனை என்று தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

எனக்கு மட்டாஞ்சேரி தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது கேட்டால் ஒப்பிப்பேன். போர்ச்சுக்கீசியர்கள் 1555ல் ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்த அரண்மனை, அதை டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் டச்சு பேலஸ் என்று பெயர் மாறிப்போனது, உள்ளே சுவர் முழுக்க ராமாயண ஓவியம். பக்கத்திலேயே 1568ல் கட்டிய பரதேசி யூதர் கோயில், தரையில் சீனாவிலிருந்து வந்த நீலவண்ண ஓடுகள். 1653 ஜனவரி 3ம் தேதி, போர்ச்சுக்கீசியப் பாதிரிமாருக்கு இனி கீழ்ப்படிவதில்லை என்று சிரியன் கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்த கூனன் குரிசு. வேளியில் நம்ம வண்ணார் சமூகத்துக்காரர்களின் தோபிகானா. மிளகு மண்டி, இஞ்சி மண்டி. எல்லாம் டூரிஸ்ட் கைடு சொல்கிற பட்டியல்தான், இப்போது யோசித்தால்.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் சல்மான் ருஷ்டியின் 'தி மூர்ஸ் லாஸ்ட் சை' நாவலையும் படித்தேன். 1995ல் வந்தது. முதல் பகுதி முழுக்கக் கொச்சி. மிளகு வியாபாரம் செய்கிற ட காமா குடும்பம், அந்த வீட்டுப் பெண் அரோரா, கிடங்கில் வேலை பார்க்கும் யூத வாலிபன் ஏப்ரஹாம், மிளகு மூட்டைகளுக்கு நடுவே காதல். அதில் யூதர் கோயிலின் நீல ஓடுகள் பார்க்கிறவர்களுக்குக் கதை சொல்லும். அதை நான் கற்பனை என்று எழுதினேன். சரியாகத்தான் எழுதினேன். அந்த ஓடுகளை நான் பலமுறை குனிந்து பார்த்திருக்கிறேன், என்னிடம் அவை ஒன்றும் சொன்னதில்லை. ஓடு கதை சொல்வதும் ஆசாரி சார்லமேன் ஆவதும் ஒரே ரகம் என்று ஒரே தட்டில் வைத்ததுதான் பிசகு. ஒன்று எழுத்தாளரின் மூளையில் உதித்தது. மற்றது நான் ஜன்னலைச் சாத்திய ராத்திரி நடந்தது.

சரி, சார்லமேன் எப்படிக் கொச்சிக்கு வந்தார்? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

சார்லமேன் நிஜமான ராஜா. கி.பி. 814ல் செத்துப்போனவர். 778ல் ஸ்பெயினிலிருந்து திரும்பி வரும்போது பிரனீஸ் மலைக் கணவாயில் அவருடைய பின்படையை மறித்து அடித்தார்கள். அதில் ரோலண்ட் என்கிற தளபதி மாண்டார். அடித்தவர்கள் பாஸ்க் இனத்து மலைவாசிகள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் முந்நூறு வருஷம் கழித்து அதைப் பாட்டாகக் கட்டியபோது எதிரிகள் முஸ்லிம்களாக மாறிவிட்டார்கள், சின்னக் கைகலப்பு மாபெரும் யுத்தமானது. சிலுவைப்போர் சூடாக இருந்த காலம், வேறெப்படிப் பாடுவார்கள்? அப்புறம் காதல் சேர்ந்தது, மந்திரவாதி சேர்ந்தான், மாயக் குதிரை சேர்ந்தது. புத்தகக் கடையில் இன்றைக்குத் தனித்தனி அலமாரியில் இருக்கிற காதல், திகில், சரித்திரம், மாயாஜாலம் நாலும் ஒரே கதைக்குள்!

ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இது மலிவுப் பதிப்புப் புத்தகமாகி ஜனங்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். கப்பல் ஏறிய இடமெல்லாம் கதையும் ஏறிப் போனது. பிரேசிலின் வடகிழக்கில் சந்தையில் கயிற்றில் தொங்கவிட்டு விற்கும் பாட்டுப் புத்தகங்களில் சார்லமேன் உண்டு. ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் சாவோ தோமே என்று குட்டித் தீவு, அங்கே 'சிலோலி' என்கிற தெருநாடகத்தில் சார்லமேன் தர்பார் நடத்துகிறார். போர்ச்சுக்கீசியர் கைபடாத சிசிலியில் அது பொம்மலாட்டம். நம் கொச்சிக் கடற்கரையில் அது சவிட்டுநாடகம் ஆனது. சவிட்டு என்றால் மிதி. பலகை மேடையில் ஓங்கி மிதித்து ஆடும் நாடகம். சார்லமேன் 'காறல்மான்' ஆனார், ரோலண்ட் 'ரோல்தான்' ஆனான்.

ஆனால் பிரேசிலில் போர்ச்சுக்கீசிய மொழியில் பாடினார்கள். இங்கே தமிழில் பாடினார்கள். அதுவும் மலையாளக் கரையில். ஏன்?

எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். அன்றைக்கு போர்ச்சுக்கீசியப் பாதிரிமார் இந்தியாவில் பெரிய அளவில் வேலை செய்த கரை நம் முத்துக்குளித்துறை. தூத்துக்குடி, புன்னைக்காயல் பக்கம். அங்கே அவர்கள் கற்றுக்கொண்ட மொழி தமிழ். சர்ச்சின் சுதேசி மொழி என்றாலே அவர்களுக்குத் தமிழ்தான் முதலில் ஞாபகம் வந்தது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்', 1578. அச்சிட்ட ஊர் கொல்லம். அடுத்த வருஷமே 1579ல் 'கிரீசித்தியாணி வணக்கம்'. அது அச்சான ஊர்? கொச்சி! இரண்டையும் தமிழாக்கியவர் அன்றீக்கே அன்றீக்கஸ் பாதிரியார். தமிழ் அச்சு சரித்திரம் பேசும்போது நாம் தரங்கம்பாடிக்கு ஓடிவிடுகிறோம். அதற்கு நூற்று முப்பது வருஷம் முன்னால் கொச்சியில் தமிழ் எழுத்து கோத்துக்கொண்டிருந்தார்கள்.

அதோடு நாடகம் போடுவதற்கு வேண்டிய சாமான் எல்லாம் தமிழ்க் கூத்தில் தயாராக இருந்தது. விருத்தம் பாடிக்கொண்டு ராஜா சபைக்கு வருவது, நடுவில் கட்டியக்காரன் வந்து சிரிக்க வைப்பது, சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாத்தியார் எல்லாரையும் ஆட்டுவிப்பது. காறல்மான் சரித்திரத்தை எழுதியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. தமிழ்நாட்டிலிருந்து வந்த கிறிஸ்தவர் என்கிறார்கள். பேரிலேயே இருக்கிறதே, சின்னத்தம்பி!

'அண்ணாவி' என்ற சொல்லைப் படித்ததும் இலங்கை நண்பர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். மட்டக்களப்பிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கூத்துப் பழக்குபவர் அண்ணாவியார்தானே. மன்னாரின் கத்தோலிக்க நாட்டுக்கூத்துகளை 1960களில் பேராசிரியர் சு.வித்தியானந்தன் தேடிப் பதிப்பித்தார். அதில் 'என்றீக் எம்பரதோர்' என்று ஒரு நாடகம். எம்பரதோர் என்பது போர்ச்சுக்கீசிய வார்த்தை, சக்கரவர்த்தி. மன்னாரில் ஒரு ஐரோப்பியச் சக்கரவர்த்தி, கொச்சியில் ஒரு ஐரோப்பியச் சக்கரவர்த்தி. இரண்டு பேரும் தமிழ் பேசியிருக்கிறார்கள், இரண்டு பேரையும் அண்ணாவியார்தான் ஆட்டுவித்திருக்கிறார்.

1663ல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தார்கள். அவர்கள் புராட்டஸ்டண்ட், போர்ச்சுக்கீசியப் பாதிரிமாரை விரட்டினார்கள். நாடகத்தைக் கொண்டுவந்த கூட்டம் போய்விட்டது, நாடகம் போகவில்லை. மீனவர்களும் ஆசாரிகளும் கூலிக்காரர்களும் அதைத் தங்களுடையதாக வைத்துக்கொண்டார்கள். மெல்ல மெல்ல மலையாளம் கலந்தது. புதுக் கதைகள் சேர்ந்தன. கூத்தை ரொம்ப நாள் யாரும் ஆராய்ச்சிக்குரியதாக நினைக்கவில்லை. கோதுருத்தைச் சேர்ந்த சபீனா ராஃபி என்ற அம்மையார் சுவடிகளையும் ஆசான்களையும் தேடி அலைந்து 1964ல் புத்தகம் போட்டார். கூகுளில் தேடிக் கண்டுபிடித்த என் போன்றவர்கள் எல்லாம் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறோம்.

இன்னொரு சின்னத் தகவல், எம்.ஜி.ஆர். ரசிகர்களுக்காக. சவிட்டுநாடகத்தில் காறல்மானுக்கு அடுத்தபடி பேர்போனது ஜெனோவா கதை. கணவன் போருக்குப் போயிருக்க, அபாண்டப் பழி சுமத்தப்பட்டுக் காட்டில் குழந்தையோடு கஷ்டப்படும் ராணி. இதுவும் ஐரோப்பியப் பழங்கதைதான். 1953ல் 'ஜெனோவா' சினிமாவாகத் தமிழிலும் மலையாளத்திலும் வந்தது. எம்.ஜி.ஆர். நடித்த ஒரே மலையாளப் படம் அதுதான். கண்டியில் பிறந்த மலையாளி, தமிழ் சினிமா ராஜா, ஐரோப்பியக் கதை. இப்படி ஒரு கதாபாத்திரத்தை நாவலில் எழுதினால் நான் 'ஓவர்' என்று அரை நட்சத்திரம் குறைத்திருப்பேன்.

2014 டிசம்பர் லீவில் ஊருக்குப் போனபோது சேட்டன் விடவில்லை. குடும்பத்தோடு கோதுருத்துக்குக் கூட்டிப் போனார். கொச்சியிலிருந்து வடக்கே, கொடுங்கல்லூர் போகிற வழியில் பெரியாற்றுத் தீவு. சர்ச் மைதானத்தில் நீளமான மேடை. தரை பூரா மரப்பலகை, அடியில் வெற்றிடம், அப்போதுதான் மிதி இடி மாதிரி கேட்கும். வெல்வெட் அங்கி, ஜிகினா வேலை, கிரீடம், முழங்கால் வரை காலுறை. ரோமாபுரிப் படைவீரன் மாதிரியும் இருக்கிறது, நம்ம ஊர் ராஜபார்ட் மாதிரியும் இருக்கிறது. பாடுகிறார்கள், வசனம் பேசுகிறார்கள், வாள் சுழற்றுகிறார்கள், எல்லாவற்றுக்கும் கால் தாளம் தப்பாமல் விழுகிறது. முழுக் கதையையும் ஆடினால் பல இரவுகள் ஆகும், நாங்கள் பார்த்தது சுருக்கம். காறல்மானாக ஆடியவர் பகலில் எலக்ட்ரீஷியன். மேடையில் நின்றபோது அதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

என் மகளுக்கு அப்போது பத்து வயசு. காதோடு கேட்டாள்.

"அப்பா, இது ட்ரூ ஸ்டோரியா?"

என்ன சொல்வது? ராஜா நிஜம். யுத்தம் பாதி நிஜம். எதிரி பொய். மாயக் குதிரை பொய். ஆடுகிற எலக்ட்ரீஷியன் நிஜம். "முழுசாப் பாரு, அப்புறம் சொல்றேன்" என்று சமாளித்தேன். எதிரியாக வரும் துருக்கி ராஜா விஷயத்தை மட்டும் அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து விளக்கினேன். கொச்சியில் மாப்பிள்ளைமாரும் மேமன்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிற ஊரில், மேடையில் அவர்களின் மதத்து ராஜாவைத் தோற்கடித்துக்கொண்டே இருப்பது எனக்கு உறுத்தியது. அழகான கலை என்பதற்காக அதை மூடி மறைக்க முடியாது. அந்தப் பகை இங்கே முளைத்தது அல்ல, கப்பலில் மூட்டையோடு வந்தது.

இதற்கு நேர்மாறான தப்பும் நாம் செய்கிறோம். 'பொன்னியின் செல்வன்' படித்த எத்தனை பேர் நந்தினியைச் சரித்திரம் என்று நினைக்கிறார்கள்! ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களாக உடையார்குடிக் கல்வெட்டு சொல்லும் பெயர்களில் ரவிதாசன் உண்டு. நந்தினி கல்கியின் பெண். கல்கி மேல் குற்றமில்லை, அவ்வளவு உயிரோடு எழுதினால் அப்படித்தான் ஆகும். கற்பனையைச் சரித்திரம் என்று நம்பினால் யாராவது ஒரு கல்வெட்டைக் காட்டித் திருத்திவிடலாம். சரித்திரத்தைக் கற்பனை என்று ஒதுக்கினால் யார் வந்து திருத்துவார்கள்? எனக்காவது போன் செய்ய ஒரு சேட்டன் இருந்தார்.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு ஊரைப் பற்றிய புத்தகத்திலோ படத்திலோ எது 'ஓவர்' என்று தோன்றுகிறதோ, அதை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுவது. 2023ல் ராஜீவ் ரவியின் 'துறமுகம்' படம் வந்தபோது பயன்பட்டது. அதில் மட்டாஞ்சேரித் துறைமுகக் கூலிகளின் கூட்டத்தில் உலோக வில்லைகளை வீசுவார்கள். பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை, மற்றவன் பட்டினி. மண்ணில் புரண்டு அடித்துக்கொள்வார்கள். பார்த்த நண்பர் ஒருவர் "சினிமாவுக்காக மிகைப்படுத்தியிருக்கான்" என்றார். கை பரபரத்தது, ஆனாலும் முதலில் போன் செய்தேன். "சாப்பா" என்றார் சேட்டன் ஒரே வார்த்தையில். அந்த முறையை எதிர்த்துத்தான் போராட்டம், 1953 செப்டம்பர் 15ம் தேதி மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு, தொழிலாளிகள் செத்தார்கள். நான் வில்லிங்டன் தீவில் கணக்கு எழுதிய ரிஜிஸ்டர்களில் இதெல்லாம் இல்லை.

பழைய விமர்சனத்தை அழிக்கவில்லை. கீழே திருத்தம் போட்டு, குறைத்த அரை நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கோதுருத்திலிருந்து திரும்பிய மறுநாள் சேட்டன் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு பீரோவிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். அப்பாப்பன் தன் பாகத்தை எழுதி வைத்துக்கொண்டது. மலையாள எழுத்து, மொழி தமிழ். அவர் ராகத்தோடு படிக்கப் படிக்க எனக்குப் புரிந்தது, அவருக்குப் பாதி புரியவில்லை. சின்ன வயதில் கேட்டு மனப்பாடம் ஆனது, அர்த்தம் யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"எனிக்கு இது மட்டும் பண்டே சம்சயம். ராஜாவு ஈ யுத்தத்தின்டெ நடுவில் எந்தினா விளம்புந்நது?"

எனக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. அப்புறம்தான் தட்டியது. மலையாளத்தில் விளம்புவது என்றால் இலை போட்டுச் சோறு பரிமாறுவது.

"சேட்டா, விளம்புறதுன்னா சொல்றது. ராஜா ஏதோ சொல்றார்."

"சோறல்லே?"

"சோறு இல்ல."

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, "எடி, காறல்மான் சோறு விளம்பியதல்லத்ரே!" என்று கத்தினார். அடுக்களையிலிருந்து அவர் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது.